வேலையிலிருந்தவர்க்கு வைத்த பரீட்சை

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு சங்கச் செயலாளர் அன்புக் கட்டளையிட்டார். வரலாறு என்றதும் மூவேந்தரையும் பல்லவரையும் தேடிப் போவது நம்மவர் வழக்கம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே ஏடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தராகிய நமக்கு அத்துணைத் தொலைவு செல்லத் துணிவில்லை. நம் தொழிலுக்கென்று ஒரு வரலாறு உண்டு. அது கரக்பூர்வாசிகளாகிய நம் வாசலருகிலேயே தண்டவாளமாய்க் கிடக்கின்றது. அதில் ஒரு பகுதியையே இங்கு எடுத்துக்கொண்டோம்.

நம் காலனிக் குடும்பங்களில் ரயில்வே உத்தியோகம் பார்ப்போர் குறைந்து, தனியார் கம்பெனிகளில் பணிபுரியும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்தம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஆட்குறைப்பு’ என்பது. பகலெல்லாம் இருக்கிற வேலையைச் செய்து, இரவில் வேறொரு வேலைக்கான இண்டர்வியூவுக்குப் புத்தகம் புரட்டும் இளைஞர் பலரை நாம் அறிவோம். இன்றிருக்கும் வேலை அடுத்த மாதம் இருக்குமா என்று அவர்களுக்கே தெரியாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. “எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். இருந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்துப் பட்டறைத் தொழிலாளர் இதே நிலையில் நின்றனர். அவர்களுக்கு நேர்ந்த சோதனை இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்கணக்காய்த் தாங்கள் செய்துவந்த வேலைக்கே அவர்கள் பரீட்சை கொடுக்க வேண்டுமென்று கம்பெனி சொல்லிற்று.

அந்நாளைய நிலைமையைச் சிறிது அறிந்துகொண்டால் இது விளங்கும். முதல் உலகப் போர் முடிந்தபொழுது நம் நாட்டு ரயில்வேக்கள் தேய்ந்த தளவாடங்களோடும் ஏறிய செலவோடும் நின்றன. ஆக்வொர்த் கமிட்டி 1920-21-இல் ரயில்வேயின் அமைப்பை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1924-இல் ரயில்வேக்குத் தனி வரவு செலவுத் திட்டம் ஏற்பட்டது. அவ்வழக்கம் 2017-இல்தான் முடிவுற்றது. இதனிடையே இஞ்ச்கேப் பிரபுவின் தலைமையில் அமைந்த சிக்கனக் கமிட்டி 1922-23-இல் அரசாங்கச் செலவு முழுவதையும் கத்தரிக்க வழி சொல்லிற்று. 1926-இல் ஸர் வின்சென்ட் ரேவன் தலைமையில் வேறொரு கமிட்டி வந்து, அரசாங்க ரயில்வேப் பட்டறைகளைச் சிக்கனமாக நடத்துவது எவ்வாறு எனப் பார்த்தது. கம்பெனிகளின் கையிலிருந்த ரயில்வேக்களும் அதே வழியில் கணக்குப் பார்க்கலாயின. கமிட்டி வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் ஆள் போவான் என்பது நம் அலுவலகங்களில் இன்றும் வழங்கும் பேச்சு.

முதலில் இடி விழுந்தது நம் கரக்பூரிலேதான். இன்று தென்கிழக்கு ரயில்வே என்று நாம் அழைக்கும் பாதை அன்று வங்காள நாகபுரி ரயில்வேக் கம்பெனிக்குரியது. 1927-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கு ஒரு வேலைநிறுத்தம் நடந்து மார்ச்சில் முடிந்தது. அதன் சூடு ஆறுமுன், செப்டம்பரில், பட்டறையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர் மிகை என்று கம்பெனி அறிவித்தது. தொழிலாளர் எதிர்த்தனர். பட்டறைக்குக் கதவடைப்பு வந்தது. டிசம்பர் வரையில் நீடித்த அக்கதவடைப்பின்போது தொழிலாளர் பக்கம் நின்று பேசியவர்களுள் வி. வி. கிரி ஒருவர். பின்னாளில் 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவராய் விளங்கியவர் அவரே. தெலுங்கரும் தமிழரும் ஒரே வரிசைக் குவார்ட்டர்ஸுகளில் வாழ்ந்த ஊர் இது. ஆதலின் அந்த நான்கு மாதக் கஷ்டம் மொழி பார்த்து வந்திராது.

இனி நாகப்பட்டினத்துக்கு வருவோம். சோழமண்டலக் கரையிலுள்ள இத்துறைமுகத்திலிருந்து திருச்சிராப்பள்ளியை நோக்கி 1861-இலேயே ரயில் ஓடத் தொடங்கிற்று. அப்பாதையை அமைத்த கம்பெனி, 1874-இல் வேறொரு கம்பெனியுடன் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. பெரும் பட்டறை நாகையிலேயே இருந்தது. எஞ்சின்களும் பெட்டிகளும் பழுது பார்க்கப்பட்டன. அவ்வூரில் தந்தைக்குப்பின் மகன் பட்டறைக்குப் போவது உழவன் மகன் வயலுக்குப் போவது போல் இயல்பாயிற்று. போத்தனூரிலும் ஒரு பட்டறை இருந்தது. இப்படிப் பிரிந்து கிடந்தவற்றை ஒன்றாக்கித் திருச்சிக்கருகே பொன்மலையில் புது யந்திரங்களோடு ஒரே பட்டறை அமைக்கக் கம்பெனி தீர்மானித்தது. கட்டட வேலை 1926-இல் தொடங்கி 1928-இல் பட்டறை இயங்கலாயிற்று.

புது யந்திரம் வந்தால் பழைய ஆட்கள் அத்தனை பேரும் தேவையில்லை என்பது கம்பெனியின் வாதம். 3,100-க்கு மேற்பட்டவரைக் குறைக்கத் திட்டமிட்டார்கள். யாரைக் குறைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் பரீட்சை. ஒவ்வொருவரின் தொழில் திறமையையும் சோதிப்பது, தேறியவர் பொன்மலைக்கு, தேறாதவர் வீட்டுக்கு. கேட்பதற்கு நியாயம் போல் தோன்றும். திறமைசாலியை வைத்துக்கொள்வதில் என்ன பிழை என்று நம் பிள்ளைகளே கேட்கலாம்.

தொழில் பரீட்சை என்பது என்ன என்பதை அறிந்தால் பிழை எங்கே என்பது தெரியும். பட்டறையில் ஒரு பிட்டருக்கு வைக்கும் சோதனை பெரும்பாலும் இவ்வாறு இருக்கும். ஓர் இரும்புத் துண்டைக் கையில் கொடுப்பார்கள். அதை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். ஒரு தகட்டில் அதே அளவுக்குச் சதுரத் துளை செய்ய வேண்டும். துண்டு துளைக்குள் எப்பக்கம் திருப்பினாலும் ஒரே பிடிப்பாய் உட்கார வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கையில் இடுக்கில் ஒளி தெரிந்தால் மதிப்பெண் போயிற்று. கொல்லனுக்கு உலைச் சோதனை, தச்சனுக்கு இணைப்புச் சோதனை. நேரமும் குறித்திருப்பார்கள்.

தொழில் கற்று முடித்த இருபது வயது வாலிபனுக்கு இது எளிது, நேற்றுத்தான் இதையே பழகியிருப்பான். பதினைந்து ஆண்டுகள் எஞ்சினின் அச்சுப்பெட்டித் தாங்கிகளை மட்டும் பொருத்தி வந்தவனை எண்ணிப் பாருங்கள். அத்தாங்கியைக் கைவைத்துப் பார்த்தே அது எத்தனை நாள் தாங்கும் என்று அவன் சொல்லிவிடுவான்; அவன் பொருத்தியது வழியில் சூடேறி நின்றதில்லை. ஆனால் சதுரத்துண்டை அரத்தால் ராவி எத்தனை காலமாயிற்று! கண்ணொளியும் சிறிது மங்கியிருக்கும். பெரிய பட்டறையில் வேலையைப் பகுத்து, ஆளுக்கொரு பகுதியென்று ஆண்டுக்கணக்காய் அதிலேயே நிறுத்தியது நிர்வாகம். அப்படி நிறுத்தியபின் முழுத் தொழிலையும் ஒரே நாளில் செய்து காட்டு என்றால் தோற்பது யார்? நெடுநாள் உழைத்தவனே தோற்பான். மேலும் அவனுக்குத் தேர்வாளர் அவனுடைய மேலதிகாரியே. சங்கத்தில் முன்நின்றவன், போர்மனை எதிர்த்துப் பேசியவன் இவர்கள் கதி என்னவாகும் என்ற அச்சமும் சேர்ந்தது.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு என்பது நம் கருத்து. ஆட்குறைப்பு என்று ஒருவனை அனுப்பினால், அவன் அடுத்த வேலை தேடிப் போகுமிடத்தில், “கம்பெனிக்கு ஆள் மிகுதி, என்னை விட்டார்கள்” என்று நிமிர்ந்து சொல்லலாம். பரீட்சையில் தோற்றான் என்று அனுப்பினால் அவன் என்ன சொல்வான்? வேலை போவதோடு பேரும் போகின்றது. தென்னிந்தியாவில் பிட்டர் வேலைக்கு எத்தனை பட்டறைகள் இருந்தன! அங்கெல்லாம் “இவன் தேறாதவன்” என்ற சொல் அவனுக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே நாகையிலிருந்த அந்தத் தொழிலாளர் தம் தற்கால வேலையையும் வருங்கால வேலையையும் சேர்த்தே காக்க நின்றனர் எனலாம். பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதற்குப் பதில் பரீட்சையையே மறுத்தார்கள்.

ஜூன் மாத முடிவில் பட்டறைகளில் கதவடைப்பு வந்தது. பரீட்சையைக் கைவிடுக, ஆட்குறைப்பை நிறுத்துக, ஊதியத்தை உயர்த்துக என்பன சங்கத்தின் கோரிக்கைகள். பேச்சு பயனளிக்கவில்லை. ஜூலை 19-ஆம் நாள் நள்ளிரவில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பட்டறையாளர் சிக்கல், பாதையில் ஓடுவோர், நிலையத்தில் நிற்போர் ஆகியோரின் சிக்கலாகவும் ஆயிற்று. பல ஊர்களில் வண்டிகள் நின்றன. இவ்வியக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களுள் ம. சிங்காரவேலர் ஒருவர். 1860-இல் பிறந்த அவருக்கு அப்பொழுது அறுபத்தெட்டு வயது. 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர் அவர். ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார். முகுந்தலால் சர்க்கார் என்ற வங்காளத் தோழரும் உடன் நின்றார். நாகைத் தொழிலாளிக்காக ஒரு வங்காளி சிறை சென்றார் என்பதை வங்க மண்ணில் வாழும் நாம் மறத்தற்கில்லை.

அரசாங்கம் கம்பெனியின் பக்கம் நின்றது. தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ஜூலை முடிவில் வேலைநிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஆங்காங்கே தொடர்ந்ததும் ஆகஸ்டு 10-ஆம் நாளளவில் ஓய்ந்தது. சங்கத்துக்கு இருந்த அங்கீகாரம் போயிற்று. சிங்காரவேலருக்கும் முகுந்தலாலுக்கும் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. சிங்காரவேலர் 1930-இல் விடுதலையானார். பட்டறை பொன்மலைக்குச் சென்றது. கூட்டிப் பார்த்தால் தொழிலாளருக்குத் தோல்வி என்றே எழுத வேண்டும். நாகப்பட்டினம் என்ற ஊருக்கும் தோல்விதான். பட்டறைச் சங்கு கேட்டு விடிந்த தெருக்களில் பின்னர் அச்சங்கொலி இல்லை.

பரீட்சை போயிற்று, ஆயினும் கேள்வி போகவில்லை. 1929-இல் உலகெங்கும் வாணிகம் சரிந்தபோது ரயில்வே வருமானமும் சரிந்தது. 1931, 32-ஆம் ஆண்டுகளில் இந்திய ரயில்வேக்கள் 40,000-க்கு மேற்பட்ட சிப்பந்திகளை அனுப்பின. அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனம் வாதாட, 1929-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி விசாரணை மன்றம் ஒன்று 1931-இல் அமைந்தது. யாரை முதலில் அனுப்புவது என்பதில் திறமைக் குறைவு, குறைந்த சேவைக் காலம், ஓய்வு வயதுக்கு அண்மை ஆகியவை அளவுகோல்களாக இருந்தன. இவற்றுள் திறமைக் குறைவுக்கு முதலிடம். முன்னே சொன்ன கறை இங்கும் ஒட்டிக்கொண்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வருமானம் குறைந்ததற்கு அமெரிக்கப் பங்குச் சந்தை காரணம். ஆனால் வெளியேறிய குமாஸ்தாவின் பெயருக்கு நேரே ‘திறமையிலான்’ என்று எழுதிவிடுவார்கள்.

பட்டதாரிகள் எழுத்தர் வேலைக்குக் காத்திருந்த காலம் அது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய், கல்கத்தா, தில்லி என்று நம்மவர் ரயிலேறியதும் அக்காலத்தில் மிகுந்தது. அவர்கள் டிரங்குப் பெட்டியில் அரிசி அப்பளத்தோடு, நற்சான்றுக் கடிதங்களின் நகல்களையும் அடுக்கிக் கொண்டனர். அந்நாளில் இண்டர்வியூ என்பது பாதி அளவு அச்சான்றுகளைப் படிக்கும் சடங்கே. பழைய துரை எழுதிய இரண்டு வரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தொங்கிற்று.

கறையைத் துடைத்த சட்டம் வர 1953 ஆகிவிட்டது. நெசவாலைகளில் சரக்குத் தேங்கி வேலை முடங்கியபோது, முதலில் அவசரச் சட்டமாகவும் பின்னர் தொழில் தகராறுச் சட்டத்தின் திருத்தமாகவும் அது வந்தது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ வேண்டும்; நிறைவு செய்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் ஈடாகத் தர வேண்டும் என்று விதித்தார்கள். நம் விஷயத்துக்கு முக்கியமானது மற்றொரு விதி: கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும். வேறு விதமாய்ச் செய்ய நேர்ந்தால் முதலாளி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பிறகு ஆள் எடுக்க நேர்ந்தால், அனுப்பப்பட்டவர்க்கு வாய்ப்பளித்து முன்னுரிமை தரவேண்டும். கடைசியில் வந்தவன் என்பதில் என்ன இழிவு? யாராவது ஒருவன் கடைசியில் வந்துதானே ஆக வேண்டும்! நாகைத் தொழிலாளர் 1928-இல் கேட்டது இருபத்தைந்தாண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று என்று நாம் மகிழலாம்.

முழு மகிழ்ச்சிக்கு இடமில்லை. குர்துவாடி வழியாக மீரஜுக்கும் லாத்தூருக்கும் இடையே பார்ஸி லைட் ரயில்வே என்ற சிறு கம்பெனி குறுகிய பாதையில் வண்டி ஓட்டி வந்தது. 1954 ஜனவரி முதல் நாள் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கம்பெனி தன் சிப்பந்திகள் அனைவரின் பணியும் முந்திய நாளோடு முடிந்ததென்று நோட்டீஸ் கொடுத்தது. பெரும்பாலோரை அரசாங்கம் பழைய சம்பள விகிதத்திலேயே மீண்டும் சேர்த்துக்கொண்டது. சிலர்க்கு விகிதம் சற்றுக் குறைந்தது. முடிந்த பணிக்கு ஆட்குறைப்பு ஈடு உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நடந்துகொண்டிருக்கும் தொழிலில் மிகையான ஆளை நீக்குவதே ஆட்குறைப்பு. தொழில் கைமாறுவதோ மூடப்படுவதோ அதில் அடங்காது என்று 1956 நவம்பரில் தீர்ப்பாயிற்று. பாராளுமன்றம் 1957-இல் சட்டத்தைத் திருத்தி, கைமாறும் தொழிலுக்கும் மூடும் தொழிலுக்கும் ஈட்டுக்கு வழி செய்தது. மேற்பார்வை உத்தியோகத்தில் நல்ல சம்பளம் வாங்குவோரோ ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. நம் காலனிப் பிள்ளைகளில் பலர் மடியில் கணிப்பொறியும் பெயருக்குப்பின் மானேஜர் பட்டமும் வைத்திருக்கின்றனர். பட்டம் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுத்தால் நன்றாயிருக்கும்!

இன்றைய தனியார் கம்பெனிகளில் ஆள் குறைக்குமுன் ஆண்டுத் திறன் மதிப்பீடு என்று ஒன்று நடப்பதாக அவர்கள் சொல்லக் கேட்கிறோம். வியாபாரம் குறைந்த ஆண்டில் மட்டும் திறனற்றோர் தொகை திடீரெனப் பெருகுவது எவ்வாறு என்று நமக்கு விளங்கவில்லை. நாகையின் சதுரத்துண்டு வேறு வடிவில் வந்திருக்கின்றது என்றே தோன்றுகிறது. எனினும் அவ்விளைஞர்க்கு நாகைத் தொழிலாளிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவனுடைய பதினைந்து ஆண்டு உழைப்புக்குச் சாட்சி அவன் பொருத்திய தாங்கி மட்டுமே. அது எஞ்சினோடு ஓடிப் போய்விடும். நம் இளைஞரோ எழுதத் தெரிந்தவர்கள். எழுத்தர் என்ற முறையில் ஒரு யோசனை சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ரயில்வே ஊழியன் ஒவ்வொருவனுக்கும் சேவைப் பதிவேடு உண்டு. சேர்ந்த நாள், ஏறிய சம்பளம், பெற்ற பயிற்சி, வாங்கிய பாராட்டு, பட்ட தண்டனை யாவும் அதில் தேதி வாரியாக ஏறும். தனியார் வேலையிலுள்ளோர் தமக்குத் தாமே அப்படியொன்று எழுதிவரலாம்: எந்த ஆண்டில் எந்த வேலையை எத்தனை பேரோடு எத்தனை நாளில் முடித்தோம், அதனால் கம்பெனிக்கு என்ன மிச்சம் என்று. இண்டர்வியூவில் “ஏன் அங்கிருந்து வந்தீர்?” என்ற கேள்விக்குத் தடுமாறுவோரெல்லாம் “அங்கே என்ன செய்தீர்?” என்பதற்கு ஏடு பார்த்தாற்போல் விடை சொல்லலாம். நோட்டீஸ் வந்தபின் எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும். வருமுன் எழுதுவது நலம்.

ரயில்வேயில் இண்டர்வியூவின் கதையும் மாறிவிட்டது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வும், வேண்டிய இடத்தில் தொழில் திறன் சோதனையும் போதும் என்றாயிற்று. சிபாரிசுக் கடிதம் தேடி அலைந்த தலைமுறையினருக்கு இது நம்பற்கரிய செய்தி. நீராவி எஞ்சின் ஷெட்டுகள் மூடப்பட்டபோதும் ஆட்கள் மிகையாயினர். ஆயினும் அவர்களுக்கு வேறு பயிற்சி தந்து டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாற்றினார்கள். கரி வாரிய கையால் மீட்டர் பார்க்கப் பழகியவர்களை நம் காலனியிலேயே காணலாம்.

பட்டறைகளில் தொழில் பரீட்சை மட்டும் இன்றும் உண்டு. கலாசி ஒருவன் பிட்டராக உயர வேண்டுமானால் அரமும் இரும்புத் துண்டும் கொண்டு சோதனைக்கு நின்றே ஆக வேண்டும். துண்டைத் துளையில் பொருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். தேறினால் பதவி உயர்வு. தேறாதவன் மறுநாள் காலை சங்கு ஊதியதும் தன் பழைய இடத்துக்கே வேலைக்கு வருகிறான். அடுத்த முறை மீண்டும் எழுதிக் கொடுக்கிறான்.